அங்கேயே இருந்த மீன்

சட்டப்படி வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய அளவுள்ள மீனைப் பிடித்த பிறகு திரும்பத் தண்ணீரில் விடுவது, தூத்துக்குடியில் வளர்ந்த எனக்குச் சுலபமாக வரவில்லை. எங்கள் தெருவில் மீன் என்றால் சோறு, மீன் என்றால் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணம். கிடைத்ததை விடுவது கடலுக்குச் செய்யும் மரியாதைக் குறைவு என்றுதான் நினைத்திருந்தேன். கப்பல் பழுதுபார்க்கும் வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து, அங்கே மீனுக்கு எண் பொருத்தி விடும் தூண்டில்காரர்களோடு பழகியதில் அந்த நினைப்பு மாறியது. முழுக்க மாறவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாறாத அந்தப் பாதியைப் பற்றியும் எனக்குச் சொல்ல இருக்கிறது.

டர்பனில் கடலோரத் தூண்டிலுக்கும் தமிழர்களுக்கும் உள்ள உறவு பழையது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் சிலர் தோட்டத்தை விட்டுக் கடல் பக்கம் வந்தார்கள். விரிகுடாவுக்குள் இருந்த சாலிஸ்பரி தீவில் குடியேறி மீன்பிடித்தார்கள், கரைவலை இழுத்தார்கள். குளிர்காலத்தில் தெற்கிலிருந்து மத்திக்கூட்டம் வரும்போது டர்பன் கரையில் இன்றும் வலை இழுப்பவர்களில் அவர்களுடைய வாரிசுகள் உண்டு. மீனுக்கு டேக், அதாவது அந்த எண்ணுள்ள அடையாளம், போட எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படியொரு குடும்பத்தின் பேரன்தான். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே இந்திய வம்சாவளிக்காரர்கள் வயதில் மூத்தவர்களை அங்கிள் என்றுதான் அழைப்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவர் பேசுவது ஆங்கிலம். "தம்பி" என்ற ஒரு சொல்லை மட்டும் அதில் விடாமல் வைத்திருக்கிறார்.

டர்பனில் உள்ள கடலியல் ஆய்வு நிறுவனம், ஓ.ஆர்.ஐ. என்று எல்லோரும் சொல்வது, மீனுக்கு டேக் போட்டு விடும் இந்தத் திட்டத்தை 1984-இல் தொடங்கியது. நாட்டின் கடற்கரை ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். அவ்வளவு நீளத்துக்கும் ஆராய்ச்சியாளர்களை நிறுத்திவைக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. ஆனால் தூண்டில்காரர்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறார்கள், விடியற்காலையிலும் நள்ளிரவிலும், எந்தச் சம்பளமும் இல்லாமல். அவர்களில் விருப்பமுள்ளவர்களை உறுப்பினராக்கி, டேக்கும் ஊசியும் கொடுத்து, பிடித்த மீனை அளந்து, எண் பொருத்தி, விட்டுவிட்டுத் தகவல் அனுப்பச் சொன்னார்கள். முதல் 30 ஆண்டுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான மீன்களுக்கு டேக் போட்டிருந்தார்கள். யோசனை ஒன்றும் புதிதல்ல. இளம் சால்மன் மீன்களின் வாலில் நாடா கட்டிவிட்டு, அவை அதே ஆற்றுக்குத் திரும்புவதைப் பார்த்தவர்களைப் பற்றி ஐசக் வால்டன் 1653-இலேயே தன் தூண்டில் நூலில் எழுதியிருக்கிறார்.

டேக் என்பது மெல்லிய மஞ்சள் பிளாஸ்டிக் குழல். ஒரு முனையில் பின்னோக்கி வளைந்த முள் இருக்கும். குழலின்மேல் எண்ணும், யாருக்குத் தெரிவிக்கவேண்டும் என்ற விவரமும் அச்சாகியிருக்கும். துளையுள்ள எஃகு ஊசிக்குள் அதைச் செருகி, ஊசியைக் கிருமிநாசினியில் நனைத்து, மீனின் முதுகுத் துடுப்புக்குச் சற்றுக் கீழே, தலைப்பக்கம் பார்க்கச் சாய்த்துக் குத்தவேண்டும். துடுப்பைத் தாங்கி நிற்கும் சிறு எலும்புகளுக்கு இடையில் அந்த முள் போய்ப் பூட்டிக்கொள்ளவேண்டும். ஊசியை உருவிய பிறகு டேக்கை மெல்ல இழுத்துப் பார்ப்போம். வெறும் சதையில் நின்றிருந்தால் நாளடைவில் கழன்று விழுந்துவிடும், மீனை வருத்தியதுதான் மிச்சமாகும்.

ஊசி குத்துவது இதில் சின்ன வேலை. அங்கிள் எனக்கு அதைக் காட்டுவதற்கு முன் வெகுநாள் மீனைப் பிடிக்கும் முறையைத்தான் சொல்லிக்கொடுத்தார். தூண்டில் முள்ளின் கொண்டியை இடுக்கியால் நசுக்கிவிடவேண்டும், அப்போதுதான் வாயைக் கிழிக்காமல் கழற்ற முடியும். கை ஈரமாக இருக்கவேண்டும், ஏனென்றால் மீன் உடம்பின் வழவழப்புதான் கிருமிகளைத் தடுக்கிறது. காய்ந்த கையும் மணலும் அதை உரித்துவிடும். தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தூக்கக்கூடாது, வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுக்கவேண்டும். நனைத்த அளவுத் தாளின்மேல் படுக்கவைத்து ஈரத்துணியால் கண்ணை மூடினால் துடிப்பது அடங்கும். போராடி ஓய்ந்த மீனைக் காற்றில் வைத்திருப்பது, ஓட்டப்பந்தயம் ஓடி வந்தவனின் மூக்கையும் வாயையும் பொத்துவதற்குச் சமம். அதனால் இடுக்கி, அளவுத் தாள், டேக், எண் எல்லாவற்றையும் மீன் வருவதற்கு முன்பே தயாராக எடுத்து வைத்திருக்கவேண்டும். எண்ணை முதலிலேயே எழுதிவைத்துவிடுவார் அங்கிள். இருட்டில் மீனைக் கையில் வைத்துக்கொண்டு எண் படிப்பவனுக்கு டேக் கொடுக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. செவுளில் இரத்தம் கசியும் மீனுக்கும், முள்ளை விழுங்கிவிட்ட மீனுக்கும் டேக் போடமாட்டோம்.

அளவு எடுப்பதில்தான் என்னை நானே பார்த்துக்கொண்டேன். தூண்டில் பிடிக்கிற எவருக்கும் தன் மீன் கொஞ்சம் பெரிதாக இருக்கவேண்டும் என்ற ஆசை உண்டு. 43 சென்டிமீட்டர் என்று தாள் காட்டும்போது நாக்கு நுனியில் 45 வந்து நிற்கும். நண்பர்களிடம் சொல்லும் கதையில் அதனால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அந்த மீன் ஓராண்டு கழித்து வேறொருவர் கையில் கிடைத்து அவர் ஒழுங்காக அளந்தால், ஆய்வேட்டில் அதன் வளர்ச்சி இரண்டு சென்டிமீட்டர் குறைந்துவிடும். அப்படி நூறு பேர் கூட்டிச் சொன்னால் ஒரு மீனினமே மெதுவாக வளர்வதாக ஆகும். எத்தனை வயதில் முட்டையிடும், எந்த அளவுக்கு மேல் பிடிக்க அனுமதிக்கலாம் என்ற கணக்குகள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. நான் ஆசைப்பட்டேன், எழுதியது தாள் காட்டியதைத்தான். அந்தச் சின்ன ஆசையை ஒவ்வொரு முறையும் அடக்கியது என் குணத்தில் வேறு இடங்களிலும் வேலை செய்தது என்று எனக்குத் தோன்றுகிறது. தொழிற்கூடத்தில் எழுதும் அறிக்கைகளிலும் அதன் பிறகு என் கை சுத்தமானது.

பிறகு காத்திருப்பு. டேக் போட்ட நூறு மீன்களில் ஐந்தோ ஆறோதான் மறுபடி கிடைத்ததாகத் தகவல் வரும். மீதி மீன்கள் செத்திருக்கலாம், டேக் கழன்றிருக்கலாம், யாரோ பிடித்தும் சொல்லாமல் இருந்திருக்கலாம், அல்லது இன்னும் நீந்திக்கொண்டிருக்கலாம். கிடைத்தால், டேக் போட்டவருக்கும் மறுபடி பிடித்தவருக்கும் தகவல் வந்து சேரும்: எத்தனை நாள் கடலில் இருந்தது, எவ்வளவு தூரம் போனது, எவ்வளவு வளர்ந்தது.

நான் ஒப்புக்கொள்ளவேண்டியது இங்கேதான் இருக்கிறது. எனக்குத் தூரம் வேண்டியிருந்தது. எங்கள் தூண்டில்காரர் கூட்டத்தில் ஒருவர் தெற்கே, கேப் பகுதியின் கழிமுகம் ஒன்றில் டேக் போட்ட காரிக் மீன், பாரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஒரு குளிர்காலத்தில் எங்கள் கடற்கரையில் கிடைத்தது. வளர்ந்த காரிக்குகள் மத்திக்கூட்டத்தைத் தொடர்ந்து வடக்கே வந்து, குளிர்காலம் முடியும்போது க்வாசுலு-நட்டால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் நீரோட்டத்தோடு தெற்கே போய்க் கழிமுகங்களில் வளரும். நாட்டின் கடற்கரை முழுவதும் அந்த ஒரு மீனின் வீடு. அந்தத் தகவல் கடிதத்தை அவர் கூட்டத்தில் வாசித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். உள்ளே பொறாமை. வேலைக்காகக் கடல் தாண்டி வந்தவன் நான். என் கை பட்ட மீன் ஒன்றாவது மொசாம்பிக் கரைக்குப் போய்ச் சேராதா என்று எவ்வளவோ இரவுகள் நினைத்திருக்கிறேன். அறிவியலுக்காக என்று வெளியே சொன்னாலும், என் பெயரோடு ஒரு பெரிய பயணம் ஒட்டிக்கொள்ளவேண்டும் என்பதுதான் அப்போதைய உண்மையான ஆசை.

எனக்கு முதலில் வந்த தகவல் ஒரு காப் மீனைப் பற்றியது. நம் ஊர்க் கத்தலையின் குடும்பம். உம்ங்கேனி ஆறு கடலில் சேரும் ப்ளூ லகூன் பக்கத்தில், கலங்கிய தண்ணீரில், நாற்பத்துச் சொச்சம் சென்டிமீட்டர் இருக்கும்போது நான் விட்டது. ஓராண்டுக்கும் மேலாகக் கடலில் இருந்து, அறுபதைத் தொட்டு, விட்ட இடத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் பிடிபட்டிருந்தது. பிடித்தவர் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். சட்டம் அதை அனுமதிக்கிறது: கரையிலிருந்து பிடிக்கும் காப்புக்குக் குறைந்த அளவு 60 சென்டிமீட்டர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "எங்கேயும் போகலையே அங்கிள்" என்றேன். அவர் அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். "தம்பி, இதைவிட முக்கியமான கடிதம் உனக்கு வராது" என்றார். மரியாதைக்காகத் தலையசைத்துவிட்டு வந்தேன். புரிய வெகுநாளானது.

காப் மீன் ஒன்றே முக்கால் மீட்டர் வரை வளரும், 40 ஆண்டுகளைத் தாண்டியும் வாழும். ஆண் மீன்கள் சுமார் 92 சென்டிமீட்டரிலும் பெண் மீன்கள் ஒரு மீட்டரைத் தாண்டியும்தான் முதிர்ச்சி அடைகின்றன, ஐந்தாறு வயதில். அதுவரை இளம் மீன்கள் கழிமுகத்திலும் அதையொட்டிய அலை உடையும் பகுதியிலுமே இருக்கின்றன. டேக் போட்ட இளம் காப்புகளில் பெரும்பாலானவை விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி கிடைக்கின்றன. இதைச் சேர்த்துப் பார்த்தால் என் மீனின் கதை வேறாகிறது. அது ஒரு முறையும் முட்டையிடாமல், சட்டம் அனுமதித்த அளவைத் தொட்ட உடனே போய்விட்டது. யாரும் சட்டத்தை மீறவில்லை. 1990-களில் இந்த மீனை ஆராய்ந்தபோது, முட்டையிடும் பெரிய மீன்களின் கூட்டம், மீன்பிடிப்புக்கு முன்பு இருந்திருக்கக்கூடிய நிலையில் ஒன்றிலிருந்து நாலரை விழுக்காடுவரைதான் மிஞ்சியிருந்ததாகக் கணக்கிட்டார்கள். 2000-ஆம் ஆண்டின் கடைசியில் தென்னாப்பிரிக்க அரசு தூண்டில் மீன்பிடிப்பு முழுவதற்குமே நெருக்கடி நிலை அறிவித்தது.

மீன் ஊர் சுற்றுவதாக இருந்தால் எங்கள் கரையில் குறைந்ததற்கு வேறு யாரையாவது காரணம் காட்டலாம். வெளிநாட்டு இழுவலைப் படகு, தெற்கே உள்ள ஊர், கடலின் வெப்பம் என்று. அங்கேயே இருக்கும் மீனுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. ப்ளூ லகூனில் இளம் காப் இல்லையென்றால் அதை எடுத்தவர்கள் ப்ளூ லகூனில் நின்றவர்கள்தான். நான் தூரத்தை எதிர்பார்த்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். தூரம் போகும் மீனில் பொறுப்பும் தூரமாகப் போய்விடுகிறது.

இந்தப் பாடத்தை மற்றொரு பக்கத்திலிருந்து பார்க்கவும் எனக்கு வாய்த்தது. டர்பனுக்கு வடக்கே, 1999-இல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்ட இசிமாங்கலிசோ பூங்காவின் கடலோரத்தில், யாரும் மீன் எடுக்கக்கூடாத காப்பகப் பகுதி உண்டு. 2001 முதல் ஓ.ஆர்.ஐ. ஆராய்ச்சியாளர்கள் அனுமதி பெற்று, தன்னார்வத் தூண்டில்காரர்களை அழைத்துக்கொண்டு போய், அங்கே அலை உடையும் பகுதியில் பிடித்து, டேக் போட்டு, விட்டு வந்தார்கள். அப்படியொரு குழுவில் நானும் போனேன். கரையில் பாறைச் சந்துகள். தூண்டில் போட்ட வேகத்தில் களவா வருகிறது, ஸ்பெக்கிள்டு ஸ்நாப்பர் வருகிறது. முதுகில் ஏற்கெனவே டேக் உள்ள மீன்கள். பாசி படிந்த எண்ணைத் துடைத்துப் படித்தால், முன்பொரு முறை அதே சந்தில் போட்டது என்று ஏடு சொல்கிறது. களவா இனங்கள் இரண்டு, அந்த ஸ்நாப்பர், கேவ் பாஸ் ஆகிய நான்கும் சில நூறு மீட்டர் எல்லைக்குள்ளேயே காலம் கழிப்பதாக அந்த ஆய்வு காட்டியிருக்கிறது. காப்பகத்தில் கிடைக்கும் மீன்கள் வெளியே மீன்பிடிக்கும் பகுதியில் இருப்பதைவிட அதிகம், பெரியவை. அந்த வேறுபாட்டை நான் புள்ளிவிவரமாகப் படிப்பதற்கு முன் கையில் இழுவிசையாக உணர்ந்தேன். கரையோர மீனை அங்கேயே விட்டுவைத்தால் அது அங்கேயே பெருகும். அது எங்கேயும் போகாது என்ற அதே குணம்தான், ப்ளூ லகூனில் அதற்கு எதிராகவும் இங்கே அதற்குச் சாதகமாகவும் நிற்கிறது.

தெற்கே டெ ஹூப் காப்பகத்தில் நாட்டின் தேசிய மீனான கல்யூனுக்கு டேக் போட்டவர்களும் இதைக் கண்டார்கள். பெரும்பான்மை விட்ட இடத்தருகே. சில மட்டும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, ஆயிரத்தையும் தாண்டிப் போயின. தங்கும் மீன்களால் காப்பகம் நிறைகிறது, கிளம்பும் மீன்களால் வெளியே உள்ள கரைகளுக்கும் பங்கு கிடைக்கிறது. இரண்டு வகையும் வேண்டும். நான் கைதட்டியது இரண்டாவதற்கு மட்டும்.

இப்போது அந்த மாறாத பாதிக்கு வருகிறேன். டர்பனின் துறைமுகச் சுவரிலும் ஆற்று முகத்திலும் எனக்குப் பக்கத்தில் நிற்பவர்களில் பலர் பொழுதுபோக்குக்கு வந்தவர்கள் அல்லர். வேலை இழந்தவர்கள், பிள்ளைகளுக்கு அன்றிரவு குழம்புக்கு மீன் வேண்டியவர்கள். அவர்கள் கண் முன்னால் அறுபத்தைந்து சென்டிமீட்டர் காப்பைத் தண்ணீரில் விடும்போது முதுகில் பார்வை படும். ஒருமுறை ஒரு பெண்மணி நேராகவே கேட்டார், "எனக்குக் கொடுத்திருக்கலாமே?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றும் அந்தக் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். பாதுகாப்பின் செலவை மாதச் சம்பளம் வாங்குகிற நான் சுமப்பதும், அன்றாடம் பிடித்துச் சாப்பிடுகிறவர் சுமப்பதும் ஒன்றல்ல. பசியோடு நிற்பவரிடம் போய் விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் மஞ்சள் டேக் கண்ணில் பட்டால் எண்ணையும் இடத்தையும் நீளத்தையும் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். சொன்னால் அபராதம் போட்டுவிடுவார்களோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அவர்களுக்குப் பதிலாக நானே தகவல் அனுப்பி, வந்த கடிதத்தைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டியிருக்கிறேன். தான் பிடித்த மீன் எத்தனை நாள் கடலில் இருந்தது என்று கேட்கும்போது யாருடைய முகமும் மலராமல் இருந்ததில்லை.

2022 ஏப்ரலில் டர்பனைப் புரட்டிய வெள்ளம் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கழிவுநீர் நிலையங்கள் சேதமடைந்து, சாக்கடை ஆற்றிலும் கடலிலும் கலந்து, பல கடற்கரைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. செத்தவர்களுக்காக அழுத ஊரில் மீனைப் பற்றிப் பேச யாருக்கும் மனமில்லை, எனக்கும் இல்லை. ஆனால் உம்ங்கேனி முகத்தில் நின்று அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது, விட்ட இடத்தை விட்டு நகராத அந்த இளம் காப்புகள் நினைவில் வந்தன. நாம் ஆற்றில் விடுவதைத்தான் அவை குடிக்கின்றன.

இப்போது ஒரு மீட்டருக்குக் குறைந்த காப்பை நான் எடுப்பதில்லை. குறைந்த அளவு 60 என்பதை உயர்த்தவேண்டும் என்று எங்கள் தூண்டில் கூட்டத்தில் பேசியும் வருகிறேன். அங்கிள் இதை ஏற்கவில்லை. ஒரு மீட்டர் மீனைக் கரையிலிருந்து பிடிக்க விலையுயர்ந்த ராடும் ரீலும் வேண்டும், அப்படியொரு விதி வந்தால் ஏழைக்கு மீனே இருக்காது, பணக்காரனுக்குப் பெரிய மீன் மட்டும் இருக்கும் என்கிறார். அவருடைய தாத்தாவின் ஆட்கள் சாலிஸ்பரி தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட கதையும் அந்த வாதத்துக்குள் இருக்கிறது. கடற்படைத் தளத்துக்காக அந்தக் குடியிருப்பு போனது. கரையை எப்படிப் பயன்படுத்துவது என்று மேலிருந்து யாரோ தீர்மானிப்பதை அவர் குடும்பம் ஏற்கெனவே அனுபவித்திருக்கிறது.

அண்மையில் ஒரு மாலை அவர் தூண்டிலில் ஒரு காப் வந்தது, 63 சென்டிமீட்டர். முதுகில் பாசி பிடித்த டேக், யாரோ எங்களுக்குத் தெரியாதவர் போட்டது. நகத்தால் சுரண்டி எண்ணைப் படித்தோம். "விட்டுடலாமே அங்கிள்" என்றேன். "மகளும் பேத்தியும் வர்றாங்க தம்பி. நீ எண்ணை எழுது, நீளத்தை மறுபடி ஒருமுறை பார்" என்றார். இரண்டு முறை அளந்து, எழுதி, அன்றிரவே தகவல் அனுப்பினேன். புளியும் கறிவேப்பிலையும் போட்ட அந்தக் குழம்புக்கு என்னையும் கூப்பிட்டார், போனேன். மீனை அறுத்தபோது முட்டைப் பை வளரவே இல்லை என்று அவரே எனக்குக் காட்டினார். வரும் கூட்டத்தில் அளவைப் பற்றி மறுபடி பேசப்போகிறேன் என்று சாப்பிடும்போது சொன்னேன். "பேசு. நானும் வந்து எதிர்த்துப் பேசுவேன். ஆனா இன்னைக்குப் பார்த்ததையும் சொல்லுவேன்" என்றார்.